கரிசல் மேடையும் கடல் கடந்த இரவுகளும்

1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட அவர்கள் இட்ட அடித்தளத்தின்மேல்தான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் அவ்வூரில் வளர்ந்தன. சிவகாசியில் இப்பயணத்தை அறியாதார் அரியர். அது பகலின் பயணம். கைத்தொழிலைத் தேடிச் சென்ற பயணம். அதன் பயனைக் கணக்கேடுகளிலும் ஆலைச் சுவர்களிலும் இன்றும் காணலாம்.

அதே பத்தாண்டில் தமிழ் நாடகக் கலைஞர்கள் வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தனர். ஆர்மோனியமும் மிருதங்கமும் திரைச்சீலைகளும் அணிகலப் பெட்டிகளும் உடன்வர, தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போயினர். அது இரவின் பயணம். பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் நாடகத்துக்காகவே அக்கடல் கடக்கப்பட்டது. அப்பயணத்தால் ஆலை எழவில்லை, கணக்கேடும் மிஞ்சவில்லை. ஆயினும் ஒரு தலைமுறையின் செவியில் இலங்கை என்னும் சொல்லுக்குப் பொருள் தந்தது அந்த இரவுகளின் இசையே. பகலின் பயணத்துக்கு வரலாறு உண்டு. இரவின் பயணத்துக்கு அது இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டி சுமந்த பாணர்

கலைஞர் ஊர்விட்டு ஊர் செல்வதும், சென்ற ஊரை அதன் இரவால் அறிவதும் தமிழுக்குப் புதியன அல்ல. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்து செல்லும் காட்சியோடு தொடங்குகிறது. முழவும் யாழும் குழலும் பிறவும் அங்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்படுகின்றன. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையின் பகலோடு நில்லாமல் அதன் இரவையும் யாமம் யாமமாக விரித்துரைக்கிறது. நாளங்காடி ஒருபுறம், அல்லங்காடி மறுபுறம். ஒரு நகரின் இயல்பை அறிய அதன் அல்லங்காடியையும் காணவேண்டும் என்ற உணர்வு பழந்தமிழ்ப் புலவர்க்கு இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நாடகக் கலைஞர் அந்தக் கூத்தரின் வழித்தோன்றல்களே. யாழ் இருந்த இடத்தில் ஆர்மோனியம் வந்தது. வள்ளலின் ஊர் இருந்த இடத்தில் ஒப்பந்தக்காரரின் கொட்டகை வந்தது. சுமையும் வழியும் இரவும் மாறவில்லை.

இருப்புப் பாதையும் கடற்பாதையும்

மதுரை–தூத்துக்குடி இருப்புப் பாதை 1876இல் திறக்கப்பட்டது. அன்று விருதுப்பட்டி எனப்பட்ட விருதுநகரும் சாத்தூரும் அப்பாதையில் அமைந்தன. விருதுப்பட்டி 1923இல்தான் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் இலங்கை செல்வோர் தூத்துக்குடியில் நீராவிக் கப்பலேறி, ஓர் இரவைக் கடலில் கழித்துக் கொழும்பை அடைந்தனர். தெற்கத்திய வணிகரின் சரக்கும், தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும், கலைஞரும் போன வழி இதுவே.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது, வழியும் மாறிற்று. மதுரை சென்று, மானாமதுரை வழியாக இராமேசுவரம் தீவை அடைந்து, தனுஷ்கோடியில் கப்பலேறுவோர் ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினர். அங்கிருந்து மீண்டும் இரயில். ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய இவ்வழி, கடல் கடத்தலை ஊர்ப்பயணம் போன்ற எளிய செயலாக்கியது. கடல் கடப்பது சாதிக்கு இழுக்கு என்ற பழைய அச்சம் இதனால் மேலும் தளர்ந்தது எனலாம். விருதுநகர்ச் சந்தைக்கும் கொழும்புச் சந்தைக்கும் இடையே சரக்கு போனதுபோல், மதுரைக் கொட்டகைக்கும் கொழும்புக் கொட்டகைக்கும் இடையே பாட்டும் போய்வரலாயிற்று.

ஓர் இரவுக்கு மட்டும் கூடும் குழு

கடல் கடந்த நாடகத்தின் இயல்பை அறிந்துகொள்ள ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் அமைப்பை அறிதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலியவை தென்னாட்டு மேடையின் பொதுச் சொத்தாயின. பாட்டும் கதைப்போக்கும் யாவர்க்கும் தெரிந்தவை. ஆகவே ஒரே குழுவில் இருந்து ஒத்திகை பார்த்தாக வேண்டிய தேவை இல்லாது போயிற்று. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே அழைக்கப்படுவர். அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் காண்பர். இரவு முழுதும் தருக்கமும் பாட்டுமாகப் போட்டியிடுவர். விடிந்ததும் பிரிவர்.

இந்த அமைப்பில் எழுத்துப்படியை விடப் பாடகரின் மனோதர்மமே ஆட்சி செய்தது. எதிரே நிற்பவர் எந்த இராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் உடையவரே நிலைத்தனர். கரிசல் நாட்டுக் கோயில் கொடைகளில் பங்குனி முதல் ஆடி வரை இத்தகைய இரவுகள் நிறைந்திருந்தன. அம்மன் பொங்கலுக்கு நாடகம் இல்லை என்றால் திருவிழாவே குறைபட்டது என்று ஊரார் கருதினர். இந்த இரவைத்தான் கலைஞர் பெட்டியில் வைத்துக் கடலுக்கு அப்பால் கொண்டுபோயினர்.

கொழும்பின் இரவு

அங்கே வெறும் மேடை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கொழும்பின் இரவு முன்பே பல மொழிகளில் பாடிக்கொண்டிருந்தது. 1889இல் பம்பாயிலிருந்து பாலிவாலாவின் எல்பின்ஸ்டன் பார்சி நாடகக் குழு கொழும்புக்கு வந்தது. அதன் திரைச்சீலைகளும் வட இந்திய மெட்டுகளும் சிங்கள மக்களைக் கவர்ந்தன. சிங்கள ‘நூர்த்தி’ நாடகம் அந்த ஈர்ப்பில் வளர்ந்தது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைக்க 1903இல் விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார். மருதானையில் 1911இல் ‘டவர் ஹால்’ அரங்கு எழுந்தது. இதே பார்சி நாடக அலைதான் தமிழ் மேடைக்கும் ஆர்மோனியத்தையும் இந்துஸ்தானி மெட்டுகளையும் தந்தது. எனவே, கொழும்பில் இறங்கிய தமிழ்க் கலைஞர், தம் மேடையின் உடன்பிறப்பை மற்றொரு மொழியில் அங்குக் கண்டனர் என்றல் பொருந்தும்.

செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் தமிழ் வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் செறிந்து வாழ்ந்தனர். பகலில் மூட்டை சுமந்தவனும் கணக்கு எழுதியவனும் இரவில் ஒரே கொட்டகைக்குள் அமர்ந்தனர். ஊரிலிருந்தால் திருவிழாவன்று இலவசமாகக் கண்டிருக்கக்கூடிய நாடகத்துக்கு அங்கே அவர்கள் காசு கொடுத்தனர். அவர்கள் விலை கொடுத்தது கதைக்கு அன்று. கதை யாவர்க்கும் தெரிந்ததே. ஊரின் ஓர் இரவைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கினர்.

மலையகத் தோட்டங்களில் நிலை வேறு. அங்கே பொழுது விடிவது தப்பொலியோடு. பிரட்டுக் களத்துக்கு ஆள்சேர்க்கத் தப்பு அடிக்கப்பட்டது. அதே தப்பு இரவில் காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் முழங்கியது. பகலில் துரைக்குரியதாய் இருந்த கருவி இரவில் தொழிலாளருக்கே உரியதாயிற்று. இரவுக் கூத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் ஆய்வாளர், இந்த வேறுபாட்டை எண்ணிப்பார்த்தல் வேண்டும். உழைப்பு முழுவதும் பிறர்க்கு உரிமையாகிவிட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்கு, தனக்கெனக் கிடைத்த ஒரே நேரம் இரவு.

1926: வள்ளியும் வேலனும்

இலங்கை சென்ற தமிழ் நாடகப் பயணங்களுள் இன்றுவரை பேசப்படுவது 1926இல் கொழும்பில் நிகழ்ந்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் அங்கேதான் முதன்முதல் ஒரே மேடையில் நின்றனர். கிட்டப்பாவுக்கு அப்போது இருபது வயது. சுந்தராம்பாள் அவரினும் இளையவர். இருவரும் உச்ச சுருதியில் பாட வல்லவர். ஒருவரோடு ஒருவர் பாடி நிற்க இயலுமா என்று இருவர்க்கும் வேண்டியவர் அஞ்சியதாகக் கூறுவர். அன்று மேடையேறிய நாடகம் வள்ளி திருமணம்.

அந்த நாடகம் அந்த மண்ணில் ஆடப்பட்டதில் ஒரு தனிப்பொருத்தம் உண்டு. வள்ளி தினைப்புனம் காத்ததும் முருகன் அவளை மணந்ததும் கதிர்காமத்தில் என்பது இலங்கை மக்களின் நம்பிக்கை. தமிழகத்திலிருந்து சென்ற கலைஞர் வள்ளியை அயல்நாட்டுக்குக் கொண்டு சென்றனர் அல்லர். அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றனர் என்றே அங்குள்ளோர் கருதியிருத்தல் கூடும்.

மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பா முன்பே மணமானவர். அந்த வாழ்வு நீளவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழாம் வயதில், கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்டார். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ திரைப்படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், தோன்றினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வள்ளி வேடம் அவரை விட்டுப் போய்விட்டது. ஓர் இரவின் பாட்டு ஒரு பெண்ணின் எஞ்சிய நாற்பத்தேழு ஆண்டுகளையும் வடிவமைத்தது.

இந்நிகழ்ச்சியைக் காதற்கதையாகச் சொல்வோர் பலர். வரலாற்று நோக்கில் அதனுள் மற்றொரு செய்தி உண்டு. இரவில் ஆடவர் முன் பாடும் பெண்ணைச் சமுதாயம் ஐயத்தோடே பார்த்தது. மேடையில் அவள் வள்ளி. கொட்டகையை விட்டு இறங்கினால் ‘நாடகக்காரி’. மதுரைப் பகுதி ஸ்பெஷல் நாடகக் கலைஞரைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் எழுதி 2005இல் வெளிவந்த நூல், நடிகையர் மேடைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பிறர் பார்வைக்குத் தப்பத் தம்மை எவ்வாறு மறைத்துக்கொள்கின்றனர் என்பதை விரிவாகக் காட்டுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கடலையும் சேர்த்துக் கடந்த பெண்களின் நிலை இதனால் உய்த்துணரத்தக்கது. ஆடவர் பயணம் ‘சுற்றுப்பயணம்’ ஆயிற்று. பெண்டிர் பயணம் பழிக்கு ஆளாயிற்று.

சிவகாசி தந்த குரல்

இதே வள்ளி திருமணத்தை மேடையில் பாடியவர் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ். சிவகாசி என்றால் தீயும் மருந்தும் நினைவுக்கு வரும். அவ்வூர் ஈன்ற இந்தக் குரல் நினைவுக்கு வருவதில்லை. அவர் மருத்துவர் குலத்தில் தோன்றியவர். சாதி காரணமாக அவரோடு இணைந்து நடிக்க மறுத்தோர் இருந்தனர். குரல் வளத்தால் அதைக் கடந்தார். அந்தக் குரலை நாட்டு விடுதலைக்கே தந்தார்.

வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுவாள் அல்லவா? அக்காட்சியோடு இயையும் வண்ணம், வெள்ளைக் கொக்கை உருவகமாக வைத்து வெள்ளையரைச் சாடும் பாட்டு மேடையேறியது. அதை இயற்றியவர் கரிசல் நாட்டு நாகலாபுரத்தில் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). விசுவநாததாஸ் அதைப் பாடினார். கொட்டகையிலேயே காவலர் அவரைக் கைதுசெய்தனர். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இவர்கள்மேல் பாய்வதற்கு எப்போதும் காத்திருந்தது. பலமுறை சிறை சென்றும் அவர் பாட்டை விடவில்லை. 1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை இராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார்.

1926இல் கொழும்பு இரவு. 1940இல் சென்னை இரவு. இரண்டிலும் நாடகம் ஒன்றே. ஓரிடத்தில் அது வாழ்வைப் பிணைத்தது. மற்றோரிடத்தில் வாழ்வை முடித்தது. தென்பாண்டி மேடைக்கு ‘இரவு’ என்பது எத்துணைப் பொருள் உடையது என்பதற்கு இவ்விரு சான்றுகளே போதும்.

திரும்பி வந்த பாட்டு

கடல் கடந்த இசை ஒருவழிப் பயணம் செய்யவில்லை. தமிழகத்துக் குழுக்கள் விதைத்த இசை நாடகம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி அம்மண்ணுக்கே உரியதாயிற்று. காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தைத் தம் வாழ்நாள் முழுதும் ஊர் ஊராக நடித்தார். தமிழகத்தில் திரைப்படம் மேடையை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வயல்வெளிகளிலும் கோயில் வீதிகளிலும் மக்கள் விடிய விடிய அமர்ந்து அதைக் கேட்டனர்.

1952 முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரையிசையைப் பெரிதும் ஒதுக்கி வைத்தது. அப்போது தென் தமிழகம் தன் வானொலிப் பெட்டியை இலங்கையை நோக்கித் திருப்பியது. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளரின் குரல் கரிசல் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பழகிய குரலாயிற்று. தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேற்றி அனுப்பிய இசையைப் பேரன் சிற்றலையில் திரும்பப் பெற்றான்.

வழிதான் அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களின் போர்ச்சூழலில் நின்றது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஆர்மோனியப் பெட்டிகளைச் சுமந்து சென்ற தனுஷ்கோடி–தலைமன்னார் வழி மீண்டும் திறக்கப்படவில்லை.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் இலங்கை சென்றது. அச்சபையினர் வழக்கறிஞரும் அலுவலருமாகிய கற்றோர். அப்பயணத்தை முதலியார் தம் ‘நாடக மேடை நினைவுக’ளில் எழுதி வைத்தார். அவரைக் குருவாகக் கொண்ட யாழ்ப்பாணத்துக் கலையரசு க. சொர்ணலிங்கமும் தம் மேடை வாழ்வை எழுதி வைத்தார். எழுதத் தெரிந்தோர் பயணம் நூலாயிற்று. பாடத் தெரிந்தோர் பயணம் காற்றோடு போயிற்று.

முழுவதும் போய்விடவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. பாஸ்கரதாஸ் பல்லாண்டு எழுதிய நாட்குறிப்புகள், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2009இல் நூலாக வெளிவந்தன. எந்த ஊரில் நாடகம், யாருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தது என்று ஒரு கலைஞன் வாழ்வின் நாள்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்த தாள்கள் ஒரு காலத்தையே மீட்டுத் தந்தன. இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஓரளவு பெயர் பெற்றனர். பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், டோலக்குக்காரர், திரை இழுத்தவர் ஆகியோர் பெயர்கள் பழைய நாடக விளம்பரத் தாள்களின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் மட்டுமே இருக்கும். அந்தத் தாளும் ஓர் இரவுக்காகவே அச்சிடப்பட்டது. மறுநாள் பொட்டலம் கட்டப் போயிற்று.

விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஊர்களில் தாத்தா நாடகத்துக்குப் போன கதையைச் சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. ஒப்பந்தக் கடிதமோ கப்பல் சீட்டோ மங்கிய நிழற்படமோ அங்கே ஒரு மரப்பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றைத் தேடித் திரட்டுதல் பல்கலைக்கழகங்களின் கடமை மட்டும் அன்று. கவிதையைக் காதலிக்கும் இலக்கிய வட்டங்களின் கடமையும் ஆகும். மேடையில் அன்றன்று பிறந்த பாட்டும் தமிழ்க் கவிதையே. அதை இயற்றியோர் எழுதுகோல் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்களை இலக்கிய வரலாற்றின் புறத்தே நிறுத்துதல் முறையாகாது.

சிவகாசி, பிறர் இரவுக்கு ஒளி செய்யும் ஊர். எங்கோ ஒரு நகரில் தீபாவளி இரவில் வானம் பூக்கும்போது, அதைச் சுற்றிய கைகளை யாரும் நினைப்பதில்லை. கடல் கடந்த நாடகக் கலைஞரும் அத்தகையோரே. கொழும்பில் ஓர் இரவு ஒளிர்ந்தது. கண்டவர் மனத்தில் அந்த ஒளி நின்றது. அதைச் செய்த கைகள் இருளில் மறைந்தன. அந்தக் கைகளுக்கு உரிய பெயர்களைத் தேடி எழுதும் வரை, 1922ஆம் ஆண்டின் கல்கத்தாப் பயணத்தை மட்டும் கூறும் இவ்வட்டார வரலாறு பாதி வரலாறாகவே நிற்கும்.